உயரம் யாருடைய சொத்து?

அக்கா வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன, வருஷத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற கோட்டுக்குப் பக்கத்தில் அக்கா மகளின் கையெழுத்தில் 5 அடி 11 அங்குலம் என்று எழுதியிருக்கும். அவளுக்கு வயது பதினைந்து. வீட்டில் பாப்பா. என் அம்மா அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் "போதும்டி, இதோட நிறுத்திக்கோ" என்பார், அவள் ஏதோ வேண்டுமென்றே வளர்கிற மாதிரி. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் தூரத்து அத்தை ஒருவர், "இவளுக்கு மாப்பிள்ளையைத் தென்னந்தோப்புலதான் தேடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் எடுத்த எல்லாப் புகைப்படத்திலும் கொஞ்சம் கூனித்தான் நிற்கிறாள்.

கூனாமல் நிற்பது ஒரே இடத்தில்தான், உப்பளத்தில் கூடைப்பந்துத் திடலில். பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது கீழே ஏழெட்டுக் கைகள் அலைமோதும். அவள் கை மட்டும் அதற்கு மேலே சாவகாசமாகப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வரும், பரண்மேல் இருந்து டப்பா எடுப்பதுபோல. பார்க்கிற எனக்கே ஒரு கர்வம் வரும். அதில் என் பங்கு என்ன என்று கேட்டால் பதில் இல்லை.

இந்த வருஷம் பத்தாம் வகுப்பு முடிந்தது. ஒரு தேர்வு முகாமில் அவளைப் பார்த்தவர்கள், சென்னையில் ஒரு விளையாட்டு விடுதியில் சேர்க்கச் சொல்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, காலை மாலை பயிற்சி, நடுவில் பள்ளிக்கூடம். மாமாவுக்கு அவள் பதினொன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க வேண்டும். அக்கா என்னைக் கூப்பிட்டாள். "நீதான் நாலும் படிக்கிறவன். சொல்லுடா, இதுல பொழைக்க முடியுமா?"

நான் எக்செல் ஷீட் போட்டேன். எந்தக் கேள்வியானாலும் முதலில் எக்செல் ஷீட் போடுவது எங்கள் தொழிலில் ஒரு வியாதி.

முதல் வரிசையில் என்.பி.ஏ. அது ஆண்களின் லீக். பாப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கூடைப்பந்தில் சம்பாத்தியம் என்றதும் எல்லோர் மனசிலும் வருவது அதுதான். இரண்டாவது வரிசையில் சத்னாம் சிங்கின் பெயரை எழுதினேன். அதோடு எக்செல் நின்றுபோனது, அவருடைய கதை கட்டங்களுக்குள் அடங்கவில்லை.

சத்னாம் பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்தில் 1995-இல் பிறந்தார். அவர் அப்பாவும் அசாதாரண உயரம். இளமையில் கூடைப்பந்து ஆட ஆசைப்பட்டு, வீட்டில் விடாததால் விவசாயத்திலேயே நின்றுபோனவர். மகன் வளர ஆரம்பித்ததும் தனக்கு மறுக்கப்பட்டதை மகனுக்கு மறுக்கக் கூடாது என்று லூதியானா அகாடமியில் கொண்டுபோய் விட்டார். அங்கே அவரை வார்த்தவர் சங்கரன் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளர். பதினான்கு வயதில், 2010-இல், உதவித்தொகையில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்குப் போனார். அப்போது ஆங்கிலம் கிட்டத்தட்டத் தெரியாது. 2015 ஜூனில் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி 52-ஆவது தேர்வாக அவர் பெயரை அறிவித்தது. என்.பி.ஏ. தேர்வில் பெயர் வந்த முதல் இந்தியர். ஏழடி இரண்டு அங்குலம். அடுத்த வருஷம் நெட்ஃபிளிக்ஸில் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. நூறு கோடியில் ஒருவர் என்ற பொருளில் தலைப்பு.

என்.பி.ஏ.யின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அதற்குக் கீழிருந்த டி-லீக்கில் டெக்சாஸ் லெஜெண்ட்ஸ் அணியில் இரண்டு பருவம் இருந்தார், அதிலும் பெரும்பாலும் பெஞ்சில். அந்த ஆண்டு என்.பி.ஏ. அணியில் இடம்பிடித்த புதுமுகத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,25,093 டாலர். டி-லீக்கில் அதிகபட்சமே 26,000 டாலர் அளவில்தான். ஒரு படி கீழே இறங்கினால் இருபதில் ஒரு பங்கு. பிறகு இந்தியாவில் கொஞ்ச காலம், கனடாவில் ஒரு பருவம். 2019-இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி இரண்டாண்டுத் தடை. 2021-இல் அமெரிக்காவில் ஒரு தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தில் ஒப்பந்தம். இன்று அவரைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களில் பலருக்கு அவர் பந்தாடியவர் என்பதே தெரியாது. பிரம்மாண்டமான ஒரு ஆள், அவ்வளவுதான்.

இதைத் தோல்விக் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிராமத்திலிருந்து புறப்பட்ட ஒரு பையன் முப்பது வயதுக்குள் இவ்வளவு தூரம் போனது சாதாரணமில்லை. என்னை உறுத்தியது வேறு. இந்தக் கதை நெடுக, அந்த ஏழடி இரண்டங்குலத்துக்கு யாராவது ஒருவர் விலை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த விலை எதற்கு? அவருடைய உழைப்புக்கா, உடம்புக்கா? உடம்புக்கு என்றால், உடம்பை அவர் சம்பாதிக்கவில்லையே.

அரசியல் தத்துவத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு கூடைப்பந்து வீரரின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1974-இல் ராபர்ட் நோசிக் ஒரு புத்தகம் எழுதினார். அதில் வரும் உதாரணம் இது. ஒரு சமூகத்தில் செல்வம் உங்களுக்குப் பிடித்த விதத்தில், சமமாகவே என்று வையுங்கள், பங்கிடப்பட்டிருக்கிறது. வில்ட் சேம்பர்லின் ஒரு அணியோடு ஒப்பந்தம் போடுகிறார்: ஒவ்வொரு டிக்கெட்டிலும் 25 சென்ட் எனக்கு. ரசிகர்கள் சந்தோஷமாக வந்து, அவர் பெயர் எழுதிய பெட்டியில் 25 சென்ட்டைப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். பருவம் முடியும்போது பத்து லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அவரிடம் 2,50,000 டாலர் இருக்கிறது. சமத்துவம் போய்விட்டது. ஆனால் யார் யாரை ஏமாற்றினார்கள்? எல்லோரும் தங்கள் காசைத் தாங்கள் விரும்பியபடி கொடுத்தார்கள். இப்போது அரசாங்கம் வந்து அதில் ஒரு பங்கை எடுத்தால் அது எந்த நியாயத்தில் சேர்த்தி?

கல்லூரி விடுதியில் இதை முதன்முதலில் படித்தபோது நான் அசந்துபோனேன். இருபது வயது இஞ்சினியரிங் மாணவனுக்கு நோசிக்கைப் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். கச்சிதமான நிரல் மாதிரி இருக்கும், எங்கேயும் பிழை தெரியாது. பிழை உள்ளீட்டில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று.

நிஜச் சேம்பர்லின் அப்படிச் சுதந்திரமாக ஒப்பந்தம் போட முடிந்தவர் இல்லை. அன்றைய என்.பி.ஏ.யில் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரன் மீதான உரிமை அணியிடமே இருந்தது. ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற வீரர் தலைமையில் வீரர் சங்கம் 1970-இல் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1976-இல்தான் சமரசம் வந்தது. நோசிக்கின் புத்தகம் வெளிவருவதற்கு முந்தைய பருவத்தில், 1973-இல், சேம்பர்லின் லேக்கர்ஸ் அணியை விட்டுப் போட்டி லீக்கில் சான் டியாகோ அணிக்குப் போனார், ஆடவும் பயிற்சி தரவும் சேர்த்து 6,00,000 டாலருக்கு. லேக்கர்ஸ் நீதிமன்றம் போனது. எங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது, ஆடக் கூடாது என்று தடை வாங்கியது. உலகத்திலேயே பெரிய கூடைப்பந்து வீரர் அந்தப் பருவம் முழுக்க ஓரத்தில் நின்று பயிற்சியாளராக மட்டும் இருந்தார். தன் உடம்பின் பலனைத் தானே விற்கும் சுதந்திரத்துக்கு நோசிக் தேர்ந்தெடுத்த மனிதர், சரியாக அந்தச் சமயத்தில், விற்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நோசிக் கவனமானவர்தான், வீரர்கள் ஆண்டுக்காண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று வைத்துக்கொள்வோம் என்று ஒரு வரி சேர்த்திருப்பார். எல்லாமே அந்த வைத்துக்கொள்வோமில்தான் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தது 1962 மார்ச் 2, ஹெர்ஷி என்ற சிறிய ஊரில். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். அன்று வாசலில் நோசிக்கின் பெட்டி இருந்திருந்தால் அதில் விழுந்திருக்கக்கூடியது 1,031 டாலர். விளையாட்டு சரித்திரத்தின் மகத்தான ஒரு இரவுக்கு ரசிகர்களின் நேரடி விலை அவ்வளவுதான். தொலைக்காட்சிப் படப்பதிவுகூடக் கிடையாது. கோடிகள் பின்னால் வந்தன. தொலைக்காட்சியும் வீரர் சங்கமும் நீதிமன்றமும் சேர்ந்து கொண்டுவந்தவை அவை.

நோசிக் பதில் சொல்ல நினைத்தது ஜான் ரால்ஸுக்கு. ரால்ஸ் 1971-இல் சொன்னது எளிமையானது, ஆனால் ஜீரணமாகாதது. பிறவித் திறமைக்கு யாரும் தகுதியால் உரியவர் இல்லை. அது ஒரு குலுக்கல். நல்ல சீட்டு விழுந்தவர் அதனால் பலனடையலாம்தான், ஆனால் மோசமான சீட்டு விழுந்தவருக்கும் அதில் நன்மை இருக்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும்.

குலுக்கல் எந்த அளவுக்குக் குலுக்கல் என்பதற்குக் கூடைப்பந்து வளையமே சாட்சி. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் அடங்காத மாணவர்களுக்காக ஒரு விளையாட்டை யோசித்தார். பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் பால்கனி விளிம்பில் அடித்தார்கள். அந்த விளிம்பு பத்தடி உயரம். இன்றுவரை உலகம் முழுக்க வளையம் பத்தடிதான். அந்தக் கட்டடத்தின் கொத்தனார் பால்கனியை ஏழடியில் கட்டியிருந்தால், சத்னாமின் உயரத்துக்கும் எங்கள் பாப்பாவின் உயரத்துக்கும் இந்த விலை இல்லை. நூறு வருஷம் முன்னால் பிறந்திருந்தால் ஏழடி மனிதனுக்கு இருந்த வேலை சர்க்கஸில் நிற்பது. என் கதையும் அதேதான். ஒரு பிரச்சினையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து யோசிக்கிற ஒரு மூளை எனக்கு வாய்த்தது. தாத்தா காலத்தில் அதை வைத்துக்கொண்டு ரோடியர் மில்லில் கணக்கு எழுதியிருக்கலாம். நான் பிறந்த வருஷத்துக்கு அதற்கு மாதச் சம்பளமும் பங்குகளும் தருகிறார்கள். யாரும் என்னிடம் இதற்கு நீ தகுதியா என்று கேட்டதில்லை. உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கேட்கிறோம்.

புதுச்சேரிக்காரனுக்கு ரால்ஸைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம் என்றுகூடத் தோன்றும். முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே நடந்தால் எந்த இடத்தில் கோட்டக்குப்பம் ஆரம்பிக்கிறது என்று புதியவருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். பாப்பா போன வருஷம் புதுச்சேரி அணியில் ஆடினாள். அவளளவு உயரமும் அவளைவிட நல்ல கையும் உள்ள ஒரு பெண் கோட்டக்குப்பத்தில் இருந்தால், அவள் 38 மாவட்டத்துப் பெண்களோடு மோதித்தான் மாநில அணிக்கு வர முடியும். நடுவில் இருப்பது ஒரு சாலை.

அதைவிடப் பெரிய குலுக்கலும் இங்கே நடந்திருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, இங்கே பிறந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம்: எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை, கொடுக்காவிட்டால் இந்தியர். எங்கள் தெருவில் 'சொல்தா வீடு' என்று ஒன்று உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்த தாத்தா கையெழுத்துப் போட்டார். பேரன்கள் பாரீஸில் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுத் தாத்தா போடவில்லை, ஏதோ அலுப்பு. அந்தப் பேரன்கள் இங்கே ஆட்டோ ஓட்டுகிறார்கள். போன கோடையில் சொல்தா வீட்டுப் பையன் ஒருவன் வெம்பன்யாமா பெயர் போட்ட பனியனோடு வந்திருந்தான். விக்டர் வெம்பன்யாமா, 2023 என்.பி.ஏ. தேர்வில் முதல் பெயர். அவர் உயரம் சத்னாமைவிடச் சில அங்குலம்தான் அதிகம். ஆனால் அம்மாவே கூடைப்பந்து ஆடிப் பயிற்சி கொடுத்தவர், அப்பா தடகள வீரர், சின்ன வயதிலேயே நாந்தேர் கிளப்பின் பயிற்சிப் பிரிவு, பதினைந்து வயதில் தொழில்முறை ஆட்டம். உயரத்துக்கும் தொழிலுக்கும் நடுவில் இத்தனை படிக்கட்டு. சத்னாமுக்கு லூதியானாவுக்கு அடுத்த படி ஃப்ளோரிடாவில் இருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே நோசிக்கின் பெட்டி எங்கே இருக்கிறது? பெரியகுளத்தில் கோடைகாலத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு ஒரு முறை போயிருக்கிறேன். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில், ஊரே உட்கார்ந்து கூடைப்பந்து பார்க்கிறது. பெரியவர்கள் நடுவரோடு சண்டை போடுகிறார்கள். அப்படிச் சில ஊர்கள் தவிர, நம் வீரர்கள் ஆடுவது பெரும்பாலும் காலி இருக்கைகளுக்கு முன்னால். தொழில்முறை லீக் முயற்சிகள் வந்தன. யு.பி.ஏ. 2015-இல் தொடங்கியது, சென்னை ஸ்லாம் என்று நமக்கும் ஓர் அணி. 2017-க்குப் பிறகு அது இல்லை. வேறு சில வந்தன. பெட்டியில் காசு விழாத இடத்தில் பெட்டியின் நியாயத்தைப் பற்றி என்ன பேசுவது?

ஆனாலும் இந்தியாவில் கூடைப்பந்தை வைத்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை. இவைதான் நம் ஊர் கிளப்கள். ஆளை எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு மேசை தருகிறார்கள், மாதச் சம்பளம் தருகிறார்கள். அவர் ஆடுகிறார். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால், சாதனையைப் பொறுத்து இரண்டாம் நிலையில் 19,900 ரூபாய் அடிப்படைச் சம்பளத்திலிருந்து ஐந்தாம் நிலையில் 29,200 வரை. பந்தை எவ்வளவு அழகாகப் போட்டாலும் சம்பளப் பட்டியல் பக்கத்து மேசைக்காரருடையதுதான். கோழி மேய்த்தாலும் கும்பினியில் மேய்க்க வேண்டும் என்ற நம் பழமொழியின் விளையாட்டு வடிவம்.

இதை நான் ரொம்ப காலம் கேலியாகத்தான் பார்த்தேன். அனிதா பால்துரையைப் பற்றி யோசித்த பிறகுதான் கேலி குறைந்தது.

சென்னைக்காரர். தெற்கு ரயில்வே ஊழியர். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணியின் கேப்டன். கிட்டத்தட்டப் பதினெட்டு வருஷம் இந்தியாவுக்காக ஆடினார். ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஆடிய இந்தியப் பெண் அவர்தான் முதலில். 2021-இல் பத்மஸ்ரீ. பதினெட்டு வருஷம் என்பது இந்த ஆட்டத்தில் நம்ப முடியாத காலம். முழங்கால் என்ற ஒன்று இருக்கிறது. தாயான பிறகு திரும்பி வந்து, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற அணியில் இருந்தார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75–73 என்று ஜெயித்தார்கள். இரண்டே புள்ளி.

தாயான பிறகு திரும்பி வந்ததில்தான் நான் நின்றேன். மத்திய அரசு ஊழியருக்கு 2008 முதல் 180 நாள் மகப்பேறு விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. ரயில்வேக்கும் அதுதான் விதி. உலகத்திலேயே பெரிய பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.யில் மகப்பேறுக் காலத்தில் முழுச் சம்பளம் என்பது 2020 ஒப்பந்தத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் பாதிச் சம்பளத்தோடு போக வேண்டிய நிலை இருந்தது. அமெரிக்காவின் நட்சத்திரங்கள் பேரம் பேசி 2020-இல் வாங்கியது, இங்கே டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஏற்கெனவே இருந்தது. கூடைப்பந்துக்காக யாரும் யோசித்துக் கொடுத்ததில்லை இது. ஊழியர் என்ற பட்டியலில் அவர்களும் இருந்தார்கள், அதனால் கிடைத்தது.

நோசிக் கேட்பது, உன் திறமைக்கு மற்றவர்கள் மனமுவந்து கொடுத்ததை நீ வைத்துக்கொள்ளலாமா என்று. ரால்ஸ் கேட்பது, அதில் மற்றவர்களுக்கு என்ன பங்கு என்று. இரண்டு பேரும் ஜெயித்தவரைப் பற்றியே பேசுகிறார்கள். முழங்கால் போனவர், 52-ஆவதாக வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்தவர், குழந்தை பெற்றவர், இவர்களுக்கு என்ன என்று ரயில்வேயின் ஒரு பழைய சுற்றறிக்கை தன்னை அறியாமல் பதில் சொல்லியிருக்கிறது. சத்னாம் ஆடியது வலையில்லாக் கயிற்றில். அவர் திறமை குறைவா, நேரம் சரியில்லையா என்று என்னால் சொல்ல முடியாது. தவறினால் விழ ஒரு இடம் இருந்திருந்தால் வேறு மாதிரி ஆடியிருப்பாரோ என்று மட்டும் தோன்றுகிறது.

இதை என் நண்பன் ஒருவனிடம் உற்சாகமாகச் சொன்னேன். தப்பான ஆளிடம். லாஸ்பேட்டைப் பையன், ஐந்து வருஷம் ரயில்வேத் தேர்வு எழுதியவன். இரண்டு முறை ஒற்றை இலக்க மதிப்பெண்ணில் போயிற்று. "அவங்க பந்து போட்டாங்க, நான் கணக்கு போட்டேன். ரெண்டு பேருக்கும் அதே மேசை. ஆனா அவங்களுக்கு ஒரு வழி, எனக்கு ஒரு வழி. இதுல நியாயம் எங்கடா இருக்கு?"

உன் கணக்குப் போடும் மூளையும் குலுக்கலில் வந்ததுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் தர்க்கத்தில் ஜெயித்திருப்பேன். ஆனால் ஐந்து வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தது குலுக்கல் இல்லை. பாப்பாவும் ஐந்து மணிக்கு எழுகிறாள். அவள் எழுவதற்கு ஒரு வளையமும் ஒரு உயரமும் துணை இருக்கிறது. அவனுக்கு வழிகாட்டிப் புத்தகம் மட்டும். உழைக்கும் மனசுகூடக் கொடுத்துவைத்ததுதான் என்று ரால்ஸ் ஓர் இடத்தில் நெருங்கி வருவார். அங்கே எனக்கு அவரோடு போக முடியவில்லை. அதை ஒப்புக்கொண்டால் என் நண்பனைப் பார்த்துச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் மிஞ்சாது. அவன் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை. மேசை ஒன்றாக இருப்பதுதான் பிரச்சினை, விளையாடுகிறவருக்கு அவர் வேலைக்கென்றே ஒரு சம்பளம் இருந்தால் அவன் மேசை அவனுக்கு இருந்திருக்கும், என்பது வரைக்கும்தான் என்னால் வர முடிகிறது.

இந்த வலைக்கும் ஒரு குணம் உண்டு. விழாமல் காப்பாற்றும், மேலே போகவும் விடாது. வேலைக்காகவே ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை உறுதியானதும் பந்து பரணுக்குப் போய்விடும். இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் ஆடியது ஒரே முறை, 1980 மாஸ்கோவில், அதுவும் பல நாடுகள் புறக்கணித்ததால் கிடைத்த வாய்ப்பு, கடைசி இடம். பெண்கள் அணி இதுவரை போகவில்லை. ஆடுகிறவர்களின் சோம்பல் என்று இதைச் சொல்வது அநியாயம். ஆனால் மாதம் முதல் தேதி சம்பளம் வந்துவிடும் என்ற நிம்மதிக்கும், நாளைக்கு இன்னொருத்தி என் இடத்தைப் பிடித்துவிடுவாள் என்ற பயத்துக்கும் நடுவில்தான் பெரிய ஆட்டக்காரர்கள் உருவாகிறார்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்லும்போது மறுக்க முடியவில்லை.

எங்கள் ஊரிலேயே இன்னொரு பதிலும் இருக்கிறது. கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்ச தூரம். ஆசிரமத்தில் 1949-இல் உடற்கல்விக்கென்றே ஓர் இதழ் தொடங்கினார்கள், ஸ்ரீ அரவிந்தரே எழுதினார். அன்னை எண்பதை நெருங்கும்வரை டென்னிஸ் ஆடினார். உடம்பைச் செம்மைப்படுத்துவதே சாதனை, பரிசு பொருட்டில்லை என்பது அங்குள்ள பார்வை. ஒவ்வொரு டிசம்பர் 2-ஆம் தேதியும் சின்னக் குழந்தையிலிருந்து நரைத்த தலைவரை அரைக்கால் சட்டையோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு லேசாகும். எனக்கும் ஆகிறது. ஆனால் அங்கே சோறு உறுதி. சோறு உறுதியான இடத்தில் ஆட்டம் ஆட்டமாகவே இருக்கலாம். அக்கா வீட்டில் மாமாவுக்கு இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு.

இதையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உப்பளம் போனேன். அவள் தனியாக ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, அடியில நின்னு பந்தை எடுத்துப் போடேன்." நாற்பது பந்து எடுத்துப் போட்டேன். இருபத்தாறு உள்ளே போனது. மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கேட்டேன், ஒருவேளை நீ இன்னும் நாலு அங்குலம் குள்ளமாக இருந்திருந்தால் இதை ஆடியிருப்பாயா என்று. என்னைப் பார்த்த பார்வையில் இவ்வளவு நாள் படித்தும் இப்படி ஒரு கேள்வியா என்பது இருந்தது.

"குள்ளமா இருந்தா பாயிண்ட் கார்டு ஆடுவேன், மாமா."

சாயங்காலம் அக்கா வீட்டில் விடுதிப் படிவம் மேசைமேல் இருந்தது. எக்செல் ஷீட்டை யாரும் கேட்கவில்லை. ஒதுக்கீடு, சம்பள நிலை, விடுப்பு எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டு போனேன். அக்கா பாதியில் எழுந்து குக்கரை இறக்கப் போனாள். மாமா படிவத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் பேனாவை வைத்து, எடுத்தார். அப்புறம் அதில் அச்சடித்திருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

"சார், அங்க பசங்களுக்குக் கட்டில் போட்டிருப்பீங்கள்ல. அது எவ்ளோ நீளம்?"